ஆவாரங்கன்று ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: விருதுநகர் பக்கம் எங்கள் வீடு. சரளை மண், கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு. நர்சரியில் வாங்கி நட்ட ஆவாரை பட்டுப்போகிறது. என்ன செய்வது?

பதில்: மண்ணைக் குறை சொல்லாதீர்கள், சரளையில்தான் ஆவாரை செழிக்கும். அதன் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். பையில் அது சுருண்டுவிட்டால், நட்ட பிறகு ஆழம் போகாது. ஆகவே விதையாகவே போடுங்கள். சாலையோரச் செடிகளில் பழுப்பேறிய தட்டைக் காய்களை உடைத்தால் விதை கிடைக்கும். தோல் கெட்டி, சுடுநீரில் போட்டு, ஆறியபின் இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஊதிப் பருத்தவற்றைப் புரட்டாசியில், மழைக்கு முன், ஓரங்குல ஆழத்துக்குள் ஊன்றுங்கள்.

தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம், வேர் அழுகும். நிழலும் ஆகாது. முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஒரு குடம் ஊற்றினால் போதும். பிறகு தானே பார்த்துக்கொள்ளும். பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டினால் கிளைத்து அடர்த்தியாகும். இலையில் பச்சைப் புழுக்களைக் கண்டால் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள்! பெரும்பாலும் அவை வண்ணத்துப்பூச்சியாகப் போகிறவை. தின்ற இலை மீண்டும் துளிர்க்கும். நன்றாக வளர்ந்துவிட்டால், பொங்கல் காப்புக்கட்டுக்குப் பூவை உங்கள் வாசலிலேயே பறிக்கலாம்.