அஞ்சடியில் நின்று குறிப்பெடு



கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நவம்பர் மழையில் வரைய உட்கார்ந்தால் நீர்வண்ணப் பூச்சு காயவே மாட்டேன் என்கிறது, பனிநாட்டு ஓவியர்களைப் போலத் தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அங்கே கலப்பது தண்ணீர் உறையாமல் இருக்க. உறைந்தால் ஈரப்பூச்சில் பனிப்படிகம் பெரணி இலைபோல் விரிந்துவிடும். உனக்குத் தொல்லை குளிர் அல்ல, காற்றிலுள்ள ஈரம். வோட்கா பறந்துவிடும், தண்ணீர் தாளிலேயே நிற்கும்.

என்னை உறுத்தியது உன் கடிதத்தின் கடைசி வரி: இடத்திலேயே முடித்தால்தான் அசல் படமாம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதை? எட்வர்ட் வில்சனைப் பற்றிப் படி. மருத்துவர், பயணத்தலைவர் ஸ்காட்டுடன் இருமுறை அண்டார்க்டிகா போனவர். வெளியே கையுறையைக் கழற்றி, விரல் மரத்துப்போகுமுன் பென்சிலால் கோடிழுப்பார். எந்த இடத்தில் என்ன நிறம் என்று கோட்டின் மேலேயே எழுதிவைப்பார். பனியைக் கண்ணாடியில்லாமல் உற்றுப் பார்த்ததில், 1902 பயணத்தில் கண் கூசிப்போய், கண்ணைக் கட்டிக்கொண்டே சறுக்குவண்டி இழுத்தார். வண்ணம் தீட்டியதெல்லாம் உள்ளே திரும்பிய பிறகுதான். சூரியனே எழாத 1911 குளிர்காலத்தில், கேப் எவன்ஸ் குடிலில், அசிட்டிலீன் விளக்கடியில் அவர் தீட்டிய வானங்களைப் பார்த்துவிட்டு, அவை அசலில்லை என்று சொல் பார்க்கலாம். 1912 ஜனவரியில் தென்துருவத்தை எட்டியபோதும் கையில் பென்சில்தான். திரும்பும் வழியில் இறந்தார். அவருக்காக இன்னும் பத்துப் பக்கம் எழுதுவேன்.

நம் நாட்டில் நீர்வண்ணம் எடுபடாது என்ற பேச்சையும் விடு. பினாங்கில் யோங் முன் சென் (1896–1962) இதே ஈரக்காற்றில்தான் தீட்டினார்.

ஆகவே மழை பிடித்ததும் துணிக்கடை முன் கூரையுள்ள நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கிக்கொள். நடப்பவர்களுக்கு வழி விட்டு, தூணோரம் நில். பென்சிலும் சிறு ஏடும் போதும். மேகத்தின் அடிவிளிம்புக்கு வெறுமனே 'சாம்பல்' என்று எழுதாதே. இண்டிகோ நீலத்தில் எவ்வளவு பர்ன்ட் சியன்னா பழுப்பு என்று எழுது. நனைந்த தாரில் கடை விளக்கு எவ்வளவு நீளத்துக்கு இறங்குகிறது, எங்கே அறுபடுகிறது என்று குறி. மழை விட்டதும் தார் வெளுக்கத் தொடங்கிவிடும், முதலில் அதைப் பார்.

வீட்டில் தீட்டி முடித்ததும் வண்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடாதே. வண்ணத்திலுள்ள பிசினில் பூஞ்சை பிடிக்கும். தாளைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் வை. தாளின் பசைப்பூச்சைப் பூஞ்சை தின்றுவிட்டால், அந்த இடம் மட்டும் வண்ணத்தை உறிஞ்சித் திட்டாகும். பிறகு எந்தத் தூரிகையாலும் சரிசெய்ய முடியாது.