முதலில் நிலம், பிறகு கைகாட்டி

சாட்டி,
வேலணை.

அன்புள்ள மருமகனுக்கு,

ரொறன்ரோ வீட்டின் பேஸ்மென்றில் யாழ்ப்பாணத்துக் கோச்சிப் பாதையைச் சிறிய அளவில் கட்டப் போவதாக எழுதியிருந்தாய். பலகை அடித்தாயிற்று, இனி மலை, சுரங்கம், கைகாட்டி எல்லாம் வாங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மலையையும் சுரங்கத்தையும் இப்போதே பட்டியலிலிருந்து வெட்டிவிடு. குடாநாட்டில் மலையும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் ஊசியிலை மரங்களும் அல்ப்ஸ் வீடுகளும் ஐரோப்பாவை நினைத்துச் செய்தவை. அவற்றுக்கு நடுவே யாழ்தேவியை ஓட விட்டால், எந்த ஊர் வண்டி என்று உன் அம்மாவே கேட்பா.

தண்டவாளமே இல்லாத தீவிலிருந்து கோச்சிக்கு யோசனை வருகிறதே என்று சிரிக்காதே. தென்னிலங்கைப் பட்டணங்களில் கடை வைத்திருந்த தீவார், பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குப் போய்த்தான் கோச்சி ஏறினார்கள். வேலணையிலும் புங்குடுதீவிலும் அந்தப் பாதையின் கதை இல்லாத வீடு குறைவு.

முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடு. மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வரும். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 இல் முதல் வண்டி ஓடியது. 1905 இல் பாதை கொழும்போடு இணைந்தது. கடுகதி வண்டியான யாழ்தேவி 1956 ஏப்ரலில் வந்தது. 1990 ஜூனில் போரால் வண்டி நின்றது. அதன்பின் தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணம் ஸ்ரேசன் கூரையிழந்து சுவர்களோடு நின்றது. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட, 2014 அக்டோபர் 13 இல் வண்டி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. காங்கேசன்துறையை 2015 ஜனவரியில் தொட்டது.

இவற்றில் எந்தக் காலம் உன்னுடையது? 1960 என்றால் மரச் சிலிப்பர்கட்டை, கம்பியால் இழுக்கும் கைகாட்டி, புகைபோக்கியோடு நீராவி இயந்திரம், அதன் பக்கத்தில் புதிய டீசல். 2015 என்றால் கொங்கிறீற் சிலிப்பர், விளக்குச் சிக்னல், புதுக் கட்டடம். கொங்கிறீற் சிலிப்பருக்குப் பக்கத்தில் கைகாட்டியை நட்டால், வேலை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் விஷயம் தெரிந்தவன் கண் அங்கேயே நின்றுவிடும்.

கனடாவில் இருக்கும் உனக்கு 1950களின் பின்பாதியும் 60களும் பொருந்தும். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாகத் தந்த எம்2 வகை டீசல் இயந்திரங்கள் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 1954 தொடக்கம் இலங்கைக்கு வந்தன. ஒன்ராறியோ, அல்பேர்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். நீ இருக்கும் ஊரிலிருந்து காரில் ஓரிரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பட்டணத்தில் பிறந்த இயந்திரம் அது. அதை விட்டுவிட்டு ஜேர்மன் இயந்திரத்தை வாங்காதே.

அடுத்தது அளவு. இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். உலகம் முழுக்கக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 16.5 மில்லிமீற்றர் அகலமுள்ள தண்டவாளம். பிரித்தானிய வழக்கப்படி அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற கணக்கில் வண்டியைச் செய்து இந்தத் தண்டவாளத்தில் வைத்தால், பாதை வெறும் 4 அடி ஒன்றரை அங்குலமாகச் சுருங்கிப்போகும். அகலப் பாதையின் கம்பீரம் அங்கேயே போய்விடும். அந்தக் கணக்கில் சரியாக வர 22 மில்லிமீற்றர் தண்டவாளம் வேண்டும். அதை நீயே கையால் போட வேண்டியிருக்கும்.

அதற்கு ஒரு சுலபவழி உண்டு. அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள். ஐந்தரை அடியை மூன்றால் பெருக்கினால் பதினாறரை. கடைத் தண்டவாளமே அச்சொட்டாக இலங்கைப் பாதை ஆகிவிடும். விகிதம் 1:101.6. இந்த அளவில் ஆயத்த வண்டிகள் அரிது, உடலை நீயே செய்ய வேண்டும் அல்லது முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டும். ஆனால் கட்டடக்கலைஞர்கள் பாவிக்கும் 1:100 மனிதர்களும் வாகனங்களும் மரங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்தச் சிறு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இனி நிலம். குடாநாடு தட்டை என்பதால் வேலை குறைவு என்று எண்ணிவிடாதே. தட்டை நிலத்தில் நிறம்தான் பேச வேண்டும். சுன்னாகம், மல்லாகம் பக்கம் செம்மண். தென்மராட்சியில் சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் பக்கம் மணற்பாங்கான வெளிறிய நிலம், இடையே மாவும் தென்னையும். ஆனையிறவுக்குப் போனால் சாம்பல் நிற உவர்த்தரை, ஆழமற்ற கடல்நீரேரி, வெள்ளை படிந்த உப்பளம். வீடு முழுக்கச் சுற்றும் பாதை போட்டாலும் மூன்று நிலத்தையும் ஒரே பலகையில் கலக்காதே. ஒன்றை எடு. முதல் வேலைக்குக் கொடிகாமம் மாதிரியான ஒரு சின்ன ஸ்ரேசன் போதும். இரண்டு வண்டிகள் மாறிக்கொள்ள ஒரு பக்கப் பாதை, ஒரு மேடை, ஒரு சரக்குப் பாதை, ஒரு கடவை, அதற்கு அப்பால் தோட்டம்.

சாட்டிக் கடற்கரை மணலை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அனுப்புவதற்கில்லை. வெளிநாட்டு மண்ணை அனுமதியின்றிக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். தவிரவும் கடல்மணலில் உப்பு இருக்கும், அது ஈரத்தை இழுத்துப் பசையைக் கெடுக்கும். அங்கேயே கிடைக்கும் நுண்மணலைக் கழுவி, காயவைத்து, அரித்து எடு. எடுத்த மணலில் ஒரு காந்தத்தைப் பலமுறை ஓட்டு. கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும் துகள்கள் மிஞ்சினால், அவை பின்னால் வண்டியின் மோட்டாருக்குள் ஏறிவிடும். தண்டவாளத்துக்கு இடையே போடும் சல்லிக்கும் அளவு உண்டு. நிசச் சல்லி 50 மில்லிமீற்றர் என்றால் உன்னுடையது அரை மில்லிமீற்றர். கடையில் விற்கும் பொதுச் சல்லி பெரும்பாலும் இதைவிடப் பெரிது. பாதையில் பாறாங்கல் கொட்டியதுபோல இருக்கும். சல்லியைப் பரப்பி, தூரிகையால் சிலிப்பருக்குள் ஒதுக்கி, முதலில் தண்ணீரைப் பனியாகத் தெளி. பிறகு வெள்ளைப் பசையில் சரிபாதி தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்று. அந்த ஒரு துளி இல்லாவிட்டால் பசை சல்லிக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும்.

பனைதான் உனக்குப் பெரிய சோதனை. அறுபது அடிப் பனை உன் பலகையில் 18 சென்ரிமீற்றர். கடையில் கிடைக்கும் பிளாஸ்ரிக் மரங்கள் பாதி உயரம்கூட வராது. அவை தென்னையின் சாயலில் இருப்பவை, பனைக்கு ஆகாது. மூங்கில் குச்சியை உரசி மெலிதாக்கி, கரிய சாம்பல் நிறம் பூசி, சிறு வளையக் கோடுகள் கீறு. ஓலையை மெல்லிய கடதாசியில் விசிறியாக வெட்டி மடி. ஒவ்வொன்றும் 12 முதல் 15 மில்லிமீற்றர் அகலம், ஒரு தலைக்கு முப்பது ஓலையாவது வேண்டும். மேலே பச்சை, கீழே தொங்கும் காவோலைக்கு மண்ணிறம். வடலிக்கு அடிமட்டைகள் உதிராமல் நிற்கும், அதையும் காட்டு. பத்துப் பனையை ஒரே உயரத்தில் நடாதே. ஒன்று தலையில்லாமல் நின்றால் போர்க்காலமாகிவிடும். உன் ஆண்டு 1960 என்றால் அதைத் தவிர்.

தோட்டத்துக்கும் பாதைக்கும் இடையே வேலி வேண்டும். கம்பி வேலி போட்டுச் சமாளிக்காதே. யாழ்ப்பாணத்து வேலி என்றால் கிளுவைக் கதியால், அதில் கட்டிய கிடுகு அல்லது பனையோலை. புதிதாக அடைத்த பகுதி வெளிறியும் பழைய பகுதி கருத்தும் இருக்கும். வேலிக்கு அப்பால் ஒரு கிணறு, கிணற்றில் துலா. பழைய குடாநாட்டை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட வேறொன்றும் இல்லை.

இப்போது கைகாட்டிக்கு வருவோம். கிணற்றுத் துலாவை மனதில் வைத்திரு, கைகாட்டியும் அந்த வித்தையில்தான் இயங்குகிறது. சிக்னல்காரர் நெம்புகோலை இழுக்கும்போது நீண்ட கம்பி இழுபட்டு, கம்பத்தின் அடியிலுள்ள பாரம் மேலே எழும், கை கீழே சாயும். விட்டவுடன் பாரம் இறங்கிக் கையைப் படுக்கையாகக் கொண்டுவந்துவிடும். படுக்கையாக நின்றால் நில், சாய்ந்தால் போ. வழியில் கம்பி அறுந்தாலும் பாரம் தானே கையை 'நில்'லுக்குத் திருப்பும். கோளாறு எப்போதும் வண்டியை நிறுத்த வேண்டும், ஒருபோதும் அனுப்பக் கூடாது என்பதுதான் இதன் கணக்கு. ஆகவே அடிப்பாரம் இல்லாத கைகாட்டியை நடாதே, அது வெறும் கம்பம்.

கையின் நீளம் நான்கு அடி என்றால் உனக்கு 12 மில்லிமீற்றர். முன்புறம் சிவப்பு, நுனிக்கு அருகே வெள்ளைப் பட்டை. பின்புறம் வெள்ளை, கறுப்புப் பட்டை. பின்புறத்தை நிறம் பூசாமல் விட்டுவிடுபவர்கள் அதிகம். தூரக் கைகாட்டியின் கை மஞ்சள், நுனி உள்நோக்கி வெட்டப்பட்டிருக்கும். இரவு விளக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் காலத்து விளக்கு மண்ணெண்ணெயில் எரிந்தது, சுடர் மஞ்சள். மஞ்சள் ஒளி நீலக் கண்ணாடி வழியே வந்தால்தான் ஓட்டுநருக்குப் பச்சை தெரியும். அதனால் கையோடு சேர்ந்த சட்டத்தில் ஒன்று சிவப்புக் கண்ணாடி, மற்றது நீலம் கலந்த பச்சை. நீயும் மஞ்சள் சாய்ந்த எல்ஈடி விளக்கைப் பூட்டி அந்தக் கண்ணாடியைப் பொருத்து. வெள்ளை எல்ஈடி என்றால் 'போ' விளக்கு நீலமாகத் தெரியும்.

எங்கே நடுவது? வண்டி வரும் திசைக்கு இடப்புறம், ஓட்டுநர் கண்ணுக்கு மறைவில்லாமல். இதற்குப் பலகைக்கு மேலிருந்து பார்க்காதே. தொலைபேசிக் கமராவைத் தண்டவாளத்தில் வைத்து, வண்டி வரும் திசையிலிருந்து பார். உன் பனை கைகாட்டியை மறைத்தால், பனையைப் பிடுங்கு. ரயில்வேக்காரர்களும் அதைத்தான் செய்வார்கள். நிலத்தை முதலில் போடச் சொல்வதன் காரணம் இதுதான். மரமும் வேலியும் வளைவும் இருக்கும் இடத்தைப் பொறுத்தே கைகாட்டியின் உயரமும் இடமும் அமையும். நிசத் தூரங்களைப் பலகையில் கொண்டுவர முடியாது, ஒரு கிலோமீற்றர் உன் அளவில் ஏறக்குறைய 9.8 மீற்றர். ஆகவே தூரக் கைகாட்டியைக் காட்சிக்கு வெளியே இருப்பதாக வைத்துக்கொண்டு, ஸ்ரேசனுக்குள் விடும் கைகாட்டியையும் வெளியே விடும் கைகாட்டியையும் மட்டும் ஒவ்வொரு திசைக்கும் நடு.

அசைப்பதற்கு மலிவான சிறிய சேர்வோ மோட்டார் போதும். ஆனால் வேகத்தைக் குறை. கை ஒரே அடியாக விழக் கூடாது, இறங்கி, மெல்லக் குலுங்கி நிற்க வேண்டும். ஆர்டுயினோ நிரலில் நாலு வரி எழுதினால் அது வரும். பாதையை மாற்றும் முனையோடு கைகாட்டியை இணைத்துவிடு. முனை சரியான பக்கம் திரும்பாதவரை கை சாயக் கூடாது, கை சாய்ந்திருக்கும்போது முனை அசையக் கூடாது.

ஒற்றைப் பாதைக்கு இதுவும் போதாது. எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் காக்க, இரண்டு ஸ்ரேசன்களிலும் மின்சாரத்தால் இணைத்த பெட்டிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு தகடு மட்டுமே வெளியே வரும். தகடு கையில் இல்லாத ஓட்டுநர் புறப்பட முடியாது. பிரம்பு வளையத்தில் தோல் பையோடு அந்தத் தகட்டை நீட்டியபடி ஒரு மனிதரை மேடை நுனியில் நிறுத்து. மலைநாட்டுப் பாதையில் இன்றும் இந்தக் காட்சி உண்டு.

பெரியவர்கள் செய்ததையும் பார். இங்கிலாந்து லண்டன்காரரான ஜோன் அஹேர்ன் 1930களின் பின்பாதியில் 'மேடர் வலி' என்ற கற்பனைப் பள்ளத்தாக்கைக் கட்டும்வரை, சின்ன ரயில் என்றால் வெறும் பலகையில் வண்டி ஓட்டுவது என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். ஊரும் தெருவும் வண்டிக்குச் சமம் என்று காட்டியவர் அவர். அந்தப் பலகை இன்றைக்கு இங்கிலாந்தின் பென்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பென்டனை 1954 இல் தொடங்கிய ரோய் இங்லண்ட் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். பழைய கிராம வீடுகள் கண்முன்னே மாறி அழிவதைப் பார்த்து, அவற்றை அளந்து அப்படியே சிறிதாகச் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் புனேயில் ஜோஷி என்பவர் 1998 இல் திறந்த சிறு ரயில் அருங்காட்சியகத்தில் வண்டிகளும் சிக்னல்களும் சேர்ந்து இயங்குவதைப் பார்க்கலாம். உனக்குப் பாடம் ரோய் இங்லண்டிடம்தான் இருக்கிறது. அவருக்கு அளக்க வீடுகளாவது மிச்சமிருந்தன. உன் பழைய பாதையில் தண்டவாளமே மிச்சமில்லை, நீ படங்களிலிருந்தும் மனிதரிடமிருந்தும்தான் அளவெடுக்க வேண்டும்.

அந்த மனிதர்கள் உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இலங்கை ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரராக, கார்டாக, தந்தி எழுதுநராக வேலை பார்த்த தமிழர் பலர் பிள்ளைகளோடு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழ்கிறார்கள். எல்லோரும் முதியவர்கள். எந்த ஸ்ரேசனில் எத்தனை நெம்புகோல், கைகாட்டி எந்தப் பக்கம், மேடைக்கு எதிரே என்ன மரம், சுருட்டும் சீமெந்தும் எந்தப் பாதையில் ஏற்றினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த பெட்டி வாங்கும் முன் அவர்களில் ஒருவரையாவது தேடிப்போய், கடதாசியும் பென்சிலும் கொடுத்து, தான் வேலை பார்த்த ஸ்ரேசனைக் கீறித்தரச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
மாமா