வாடகை இல்லமும் மின்சிக்கனச் சான்றும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளைப் பிறரிடம் வாடகைக்குப் பெற்று வாழ்வோர் பலராவர். சேலம், நாமக்கல் சமவெளிகளில் பங்குனி தொடங்கி வைகாசி முடியும்வரை மேல்மாடியிற் குடியிருப்போர் படும் வெம்மைத் துன்பத்தை யாம் பட்டே அறிந்துள்ளோம். ஆதலின் இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

மின்சிக்கனச் சான்று என்பது ஒரு வீடு எவ்வளவு ஆற்றலை விழுங்கும் என்பதைத் தரப்படுத்திக் காட்டும் ஏடு. இங்கிலாந்தில் இது ஏ முதல் ஜி வரை ஏழு தரமாக வழங்குகின்றது. ஈ என்னும் தரத்திற்குக் கீழ்ப்பட்ட வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடலாகாது என்ற விதி அங்கே 2018 ஏப்ரலில் வந்தது. 2020 ஏப்ரலில் பழைய வாடகைகளுக்கும் விரிந்தது. விலக்குகள் சில உள. அந்நாட்டார்க்குக் குளிர் பகை. நமக்கோ வெயில் பகை.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குடியிருப்புகளின் சுவரும் கூரையும் வெப்பத்தை எவ்வளவு உள்விடலாம் என 2018இல் ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ வரையறுத்தது. வீடுகளுக்கும் நட்சத்திரக் குறி தரும் விருப்பத் திட்டம் 2019இல் தோன்றியது.

இனி வாடகைச் சட்டத்தை நோக்குவோம். 1960ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 22-2-2019 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து பதிவாதல் வேண்டும். உடன்படிக்கையில் வேறு கூறாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. கட்டடப் பெரும்பழுது, சுவர் வெள்ளையடிப்பு, மின்கம்பி மாற்றம் ஆகியன உரிமையாளர் கடன். சுவிட்ச், குழாய் முதலியவற்றின் சிறுபழுது குடியிருப்போர் கடன். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி எவரையும் வருத்தலாகாது. ஆயின் மின்சிக்கனச் சான்றைப் பற்றி இச்சட்டம் யாதும் பேசவில்லை.

சிக்கல் யாதெனின், செலவிடுவோர் ஒருவர், பயன்பெறுவோர் மற்றொருவர் என்பதே. 75 வாட் பழைய மின்விசிறி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி சுழன்றால் அறுபது நாளில் 54 யூனிட் ஆகும். 30 வாட் புதிய விசிறியாயின் 22 யூனிட்டுக்கும் குறைவே. விசிறி உரிமையாளருடையது, மின்கட்டணமோ எம்முடையது. சென்ற கோடையில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று எம் தந்தையார் உரிமையாளரிடம் வேண்டினார். “வெயிலில் வேகிறவர் நீங்கள், காசு மட்டும் என்னுடையதா?” என்று அவர் வினவினார். அவ்வினா கடுமையுடையதேனும் நேர்மையற்றதன்று.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. இருவரும் இசைந்து உரிமையாளர் வீட்டை மேம்படுத்துவாராயின், பணி முடிந்து ஒரு மாதம் கழித்து, இசைந்த அளவு வாடகையை உயர்த்தலாம். அவ்வுயர்வு மிச்சமாகும் மின்கட்டணத்தைவிடக் குறைவாயின் இருவர்க்கும் ஊதியமே. எம் இல்லத்தில் அதற்கும் எளிய முடிவொன்று கண்டோம். சுண்ணாம்பு உரிமையாளர் தந்தார்; பூசும் உழைப்பை யாம் ஏற்றோம். அன்றிரவு முதல் அறையின் வெம்மை தணிந்ததை உணர்ந்தோம், வாடகையும் உயரவில்லை.

சான்றேடு கட்டாயமாகும் நாள் வரினும் வாராதொழியினும், வீடு தேடுவோர் வாடகையை மட்டும் வினவாது கூரையையும் விசிறியையும் நோக்குக. இசைந்தவற்றை உடன்படிக்கையில் எழுதுக. வாய்ச்சொல் மறக்கப்படும், எழுத்து நின்று இருவரையும் காக்கும்.