நீதிபதி நாற்காலிக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

சட்டம் படித்துவிட்டு நீதித்துறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளிடம் ஒருவரைப் பற்றித் தவறாமல் படிக்கச் சொல்வேன். ஃபிராங்க் எம். ஜான்சன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மான்ட்கோமரியில் 1955 முதல் 1979 வரை ஃபெடரல் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரிந்த அளவுக்கு இவரை யாருக்கும் தெரியவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

1. முதலில் அந்தப் பதவியின் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஃபெடரல் நீதிபதியை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. நன்னடத்தை உள்ளவரை பதவி உண்டு. சம்பளத்தைக் குறைக்க முடியாது. அதே அலபாமாவில் மாநில நீதிபதிகள் ஓட்டுக் கேட்டு ஜெயித்து வந்தார்கள். வெள்ளையர் ஓட்டை நம்பிப் பதவியில் இருப்பவர் கறுப்பரின் வழக்கை எப்படி விசாரிப்பார்? பதவியை எளிதில் பறிக்க முடியாது என்ற பாதுகாப்பு, ஊரே எதிர்க்கும் தீர்ப்பை எழுதுவதற்காகத் தரப்பட்டது. அதைச் சொந்த வசதி என்று எடுத்துக்கொள்கிறவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

2. பக்குவப்பட்ட பிறகு பெரிய வழக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். அதிபர் ஐசன்ஹோவரின் நியமனத்தை ஏற்றுப் பதவியில் அமர்ந்தபோது ஜான்சனுக்கு வயது 37. பதவியேற்றுச் சில வாரங்களுக்குள், 1955 டிசம்பர் 1 அன்று, ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இடம்விட மறுத்துக் கைதானார். பஸ்ஸில் இனவாரியாகப் பிரித்து உட்கார வைப்பது செல்லுமா என்ற வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு வந்தது. விசாரணை முடிந்து மூவரும் தனியே கூடியபோது, வழக்கப்படி இளையவரான ஜான்சன்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்றார். மூத்தவரான ரிச்சர்ட் ரைவ்ஸ் உடன்பட்டார், மூன்றாமவர் மறுத்தார். 1956 ஜூனில் வந்த அந்தத் தீர்ப்பை நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மூத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

3. மேல்கோர்ட் உங்கள் தீர்ப்பை ரத்து செய்தால் மனம் கசக்காதீர்கள். டஸ்கிகீ நகரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விநோத வடிவமாக வெட்டி, கறுப்பின வாக்காளர்களில் ஏறக்குறைய எல்லோரையும் ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அதில் தலையிடத் தமக்கு அதிகாரமில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தவர் இதே ஜான்சன். 1960-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. வழக்கு திரும்பி வந்ததும் புதிய நிலையை ஏற்று வாதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அவரை வெறும் வீரராகப் புகழ்கிறவர்கள் இந்த வழக்கை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அவர்மீது நம்பிக்கை வந்ததே இதனால்தான்.

4. நண்பர்கள் குறைவார்கள். பின்னாளில் அலபாமா ஆளுநரான ஜார்ஜ் வாலஸும் இவரும் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் சட்டம் படித்தவர்கள். மாநில நீதிபதியாக இருந்து வாக்காளர் பதிவேடுகளைத் தர மறுத்த வாலஸுக்கு 1959-ல் உத்தரவு போட வேண்டி வந்தபோது, ஜான்சன் பழைய சிநேகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு வாலஸ் மேடைதோறும் அவரைத் திட்டினார். வீட்டு முன்னால் சிலுவையை எரித்தார்கள். 1967-ல் அவருடைய தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளையாக அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜான்சன் அதே ஊரில் குடியிருந்தபடி அடுத்தடுத்த வழக்குகளை விசாரித்தார். இந்த வேலையை ஏற்பதற்கு முன் வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். விலையில் ஒரு பங்கை அவர்களும்தான் கொடுக்கப் போகிறார்கள்.

5. சாட்சியம் கேட்காமல் ஆணை போடாதீர்கள், நியாயம் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்தாலும். 1965 மார்ச் 7 அன்று கறுப்பரின் வாக்குரிமைக்காகச் செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்களைப் போலீசார் அடித்து நொறுக்கினார்கள். மறுநாளே வக்கீல்கள் ஜான்சனிடம் வந்து, ஊர்வலத்துக்கு உடனே அனுமதி வேண்டும் என்றார்கள். அவர் தரவில்லை. விசாரணை முடியும்வரை ஊர்வலம் கூடாது என்று தடையாணையும் போட்டார். கிங்குக்கு அது பெரிய சங்கடம். பிறகு பல நாள் சாட்சி விசாரணை நடந்தது. அடிபட்ட காட்சிகளின் படச்சுருளைக் கோர்ட்டிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். எத்தனை பேர், எந்த நாள், எவ்வளவு தூரம் என்று ஊர்வலத் திட்டத்தை எழுத்தில் வாங்கினார்.

மார்ச் 17-ல் தீர்ப்பு வந்தது. இழைக்கப்பட்ட அநீதி எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்குப் போராடும் உரிமையும் விரியும் என்பது அதன் சாரம். இருவழிச் சாலையாகக் குறுகும் பகுதியில் 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பெரிய கொள்கையைச் சொன்ன அதே கை, நெடுஞ்சாலையில் வண்டி போக இடம் வேண்டுமே என்றும் யோசித்திருக்கிறது. அதனால்தான் அந்த ஆணையை நடைமுறைப்படுத்த முடிந்தது.

6. உரிமையை அளந்து எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். டஸ்கலூசாவில் பிரைஸ் மனநல மருத்துவமனையில் சுமார் 5,000 பேர் அடைந்து கிடந்தார்கள். சிகரெட் வரி வருமானம் குறைந்ததால் 1970-ல் ஊழியர்களை வேலைநீக்கம் செய்ய, அதிலிருந்து வயட் வழக்கு பிறந்தது. சிகிச்சை தரத்தான் ஒருவரை அடைத்து வைக்கிறோம் என்றால் சிகிச்சை பெறுவது அவருடைய உரிமை என்றார் ஜான்சன். 1972-ல் பட்டியலே போட்டார்: எட்டு நோயாளிகளுக்கு ஒரு கழிப்பறை, பதினைந்து பேருக்கு ஒரு குளியலிடம், ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. பணமில்லை என்ற சாக்கை அவர் ஏற்கவில்லை. ஒரு நீதிபதி மருத்துவமனை நிர்வாகத்தில் இவ்வளவு நுழையலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ‘மனிதத்தன்மையோடு நடத்துக’ என்று ஒற்றை வரி எழுதியிருந்தால், அந்த 5,000 பேருக்கு ஒரு கழிப்பறைகூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

7. ஆணை போட்ட அன்றோடு வழக்கு தீராது. ஜான்சன் 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார், 1999-ல் இறந்தார். வயட் வழக்கு முடிந்தது 2003-ல். ஆகவே எழுதும்போதே, நாளை உங்கள் நாற்காலிக்கு வரப்போகிறவர் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் எதைச் சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள், எது இன்னும் பாக்கி என்று அவருக்கு விளங்கும்படி எழுதுங்கள்.