ஆடிக் காற்றில் நெடுந்தூர ஓட்டம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியைத் திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு உரை கூறி விளக்க வேண்டுவதில்லை. ஆனி பிறந்தது முதல் ஆவணி நடு வரையில், மலைக்கோட்டைப் படிகளிலும் காவிரிப் பாலத்தின் மீதும் ஸ்ரீரங்கத்துக் கோபுர வாயில்களிலும் அக்காற்று ஆடையைப் பற்றி இழுப்பதை யாவரும் அறிவர். இத்தகைய காற்றினிடையே விடியற்காலையில் 30 கிலோமீட்டர் ஓடுதல் என்ன பயன் கருதியோ எனச் சிலர் வினவக்கூடும். பரிசு கருதியன்று. மாரத்தான் என்னும் 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தை ஒரு முறையேனும் முற்ற ஓடி முடித்தல் வேண்டும் என்னும் அவாவினால், அலுவல் ஒழிந்த நேரங்களிற் பழகுவோர் எம்மிற் சிலர் உளர். ஐதராபாத்தில் அவ்வோட்டம் ஆகஸ்டு இறுதியில் நிகழ்வதால், அதற்குரிய நீண்ட பயிற்சிகள் தவறாது ஆடி மாதத்தில் வந்து சேர்கின்றன. அப்பயிற்சியில் யாம் கற்றதும், கற்பதற்கு முன் பட்டதும் நம் கல்லூரி மாணவர்க்குப் பயன்படலாமெனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் இக்காற்று வரும் வழியை நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஒரு நெடுமதிலாய் நிற்பது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2637 மீட்டரும், தெற்கே ஆனைமுடி 2695 மீட்டரும் உயர்ந்து நிற்க, அவ்விரண்டுக்கும் இடையே பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அம்மதில் தாழ்ந்து ஒரு வாயிலாகிறது. கடலினின்று வரும் காற்று அவ்வாயிலிற் புகுந்து, கோயம்புத்தூர், கரூர் வழியாகத் தடுப்பாரின்றிக் கிழக்கு நோக்கி ஓடி, நம்மூரை அடைகின்றது. மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வருதலின் அது பெரும்பாலும் வறண்ட காற்று. விடியற்போதில் அது சற்றே தணிந்திருப்பதும், ஞாயிறு எழுந்து நிலம் சூடேற ஏற விசை மிகுவதும் இயல்பு. இவ்வொரு செய்தியைப் படிப்போர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஓடுவோனைக் காற்றுத் தடுக்கும் விசை, அவனுக்கும் காற்றுக்கும் உள்ள சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது என்பதைப் பௌதிகம் பயில்வோர் அறிவர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவனைக் கொள்வோம். காற்றசையாத நாளில் அவன் மீதுள்ள தடையை 100 என்க. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று எதிர்த்து வருமாயின் சார்பு வேகம் 30 ஆகும்; தடையோ 900. அதே காற்று முதுகுப்புறமிருந்து வருமாயின் சார்பு வேகம் 10. அது 100 அளவு விசையோடு அவனைத் தள்ளும். ஆகவே எதிர்ச்செலவில் 800 இழந்தவன், திரும்புகையில் 200 மட்டுமே பெறுகின்றான். போகும்போது இழந்ததை வரும்போது ஈடு செய்து கொள்வோம் என்று எண்ணி ஓடுவோர் அனைவரும் இக்கணக்கை ஒரு முறையேனும் தாளில் எழுதிப் பார்த்தல் நன்று. எம் போன்ற மெல்லோட்டக்காரர்க்கு அசையாக் காற்றின் தடை மொத்த உழைப்பில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தான். எனினும் அது ஒன்பது மடங்காகுமாயின் அற்பமென்று தள்ள முடியாது. அந்நாளிற் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று ஓடுபவன், முப்பதின் முதற் பத்திலேயே தன் கையிருப்பைச் செலவழித்தவனாவான்.

ஒரே திசையிற் செல்லும் பந்தயமாயின் கதை வேறு. 2011-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில், கெனியா தேசத்து ஜெப்ரி முத்தாய் வலிய பின்காற்றின் உதவியோடு 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அதுவரை எவரும் அத்துணை விரைவில் அத்தூரம் ஓடியதில்லை. எனினும் அப்பாதை ஒரே முகமாய்ச் செல்வதும், தொடக்கத்தினும் முடிவு மிகத் தாழ்ந்திருப்பதும் காரணமாக அஃது உலக சாதனையாகக் கொள்ளப்படவில்லை. நமக்கோ, போன வழியே வீடு திரும்பியாக வேண்டும்.

திருச்சிராப்பள்ளியில் நீண்ட ஓட்டத்துக்கு உகந்த பாதைகள் இரண்டு. ஒன்று சத்திரம் பேருந்து நிலையத்தருகே தொடங்கி, குடமுருட்டிப் பாலம் கடந்து, காவிரியின் தென்கரையோடு கரூர்ச் சாலையில் மேற்கே ஜீயபுரம், முக்கொம்பு நோக்கிச் செல்வது. மற்றொன்று காவிரிப் பாலம் ஏறித் திருவானைக்காவல் வழியாக, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் உத்தமர்சீலி, கிளிக்கூடு ஊர்களைக் கடந்து கிழக்கே கல்லணையை நோக்குவது. மேற்கே ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணை. கிழக்கே கரிகாலன் பெயரால் வழங்கும் பழைய அணை. இவ்விரண்டுக்கும் நடுவே கிடப்பது ஸ்ரீரங்கத் தீவு. காற்று மேற்கினின்று வருதலால், முதற் பாதையில் எதிர்காற்று முன்னும் பின்காற்று பின்னும் அமையும். இரண்டாவதில் இம்முறை மாறும்.

ஓட்டக் கலையைப் பற்றி மேனாட்டார் எழுதிய நூல்களில் எல்லாம், காற்று நாளில் எதிர்காற்றை முதலிற் கடந்து, பின்காற்றோடு வீடு திரும்புக என்னும் விதி காணப்படுகிறது. யாமும் அவ்விதியைக் கைக்கொண்டே சில ஆண்டுகள் மேற்கு நோக்கி ஓடி வந்தோம். ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோர் எம்முடன் நால்வர். காற்று அன்று வலிதாயிருந்தது. ஜீயபுரம் தாண்டித் திரும்புகையில் எதிர்பார்த்ததினும் இருபது நிமிடம் பிந்திவிட்டோம். திரும்பியவுடன் காற்று நின்றுவிட்டது போன்றதோர் அமைதி. யாவரும் மகிழ்ந்தோம், எம்முள் வேக விருப்பம் மிக்க தோழர் ஒருவர், இழந்த இருபது நிமிடங்களை மீட்பேனென்று முன்னே ஓடினார். குடமுருட்டிப் பாலத்தை யாம் அணுகியபோது எட்டேகால் மணி இருக்கும். அவர் சாலையோரத்தில் ஒரு புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் சொல்லி அழைத்தோம். எம்மை யாரென்று கேட்டார். அவ்வினாவைக் கேட்ட கணம் எமக்கு உண்டான அச்சம் இன்றும் மறக்கற்பாலதன்று.

அருகிருந்த வீட்டு அம்மையார் ஒருவர் எதையும் கேளாமல் குடங்குடமாகத் தண்ணீர் கொணர்ந்தார். தோழரை நிழலிற் கிடத்தி, சட்டையைக் களைந்து, தலை முதல் கால் வரை இடைவிடாது நீர் வார்த்து விசிறினோம். வண்டி வந்த பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுபோயினோம். வெப்பத் தாக்குதலில் முதலில் உடலைக் குளிர்வித்தலும், பின்னர்க் கொண்டு செல்லலுமே முறை என்பதை எம்முள் ஒருவர் அறிந்திருந்தது நற்பேறு. தோழர் பிழைத்தார். அவ்வாண்டு அவர் ஐதராபாத்துக்கு வரவில்லை.

நடந்தது யாது எனப் பின்னர் அமைதியாக எண்ணிப் பார்த்தோம். 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவாகும். 30 கிலோமீட்டருக்கு 1800. அதில் முக்காற் பங்கினும் மிகுதி வெப்பமாகவே உடலில் எழுகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றும் பெருவழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி நீங்கும். ஆவியாக வேண்டும் என்பதே இங்கு முக்கியம். ஒழுகித் தரையில் விழும் வியர்வையால் யாதொரு பயனும் இல்லை. எதிர்காற்றில் ஓடுங்கால் வியர்வை தோன்றுமுன்னே உலர்கின்றது. உடல் குளிர்ந்திருத்தலின், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதும் தெரியாது, தாகமும் உறைக்காது. திரும்பி ஓடும்போதோ, காற்றும் ஓடுவோனும் ஒரே வேகத்திற் சென்றால் அவனைச் சூழ்ந்துள்ள வளி சிறிதும் அசைவதில்லை. காற்று நின்றுவிட்டது போல் எமக்குத் தோன்றிய அமைதி இதுவே. போதாக்குறைக்கு, காலையிற் கிழக்கு நோக்கித் திரும்புவோன் முகத்தில் இளவெயில் நேரே அடிக்கின்றது. வெயில் ஏறும் வேளையில், நீர் இழந்த உடலோடு, அசையா வளிக்குள் தோழர் வேகத்தைக் கூட்டினார்.

மேனாட்டு விதி பிழையன்று. அது குளிர் நாட்டில் எழுந்த விதி. ஆங்கு வியர்த்த உடலோடு பனிக்காற்றை எதிர்த்து மீள்வதே ஆபத்து. நமக்கு ஆபத்து வேறு திசையினின்று வருகின்றது. ஆதலின் அவ்வாண்டு முதல் ஆடியின் நீண்ட ஓட்டத்தைக் கிழக்குப் பாதைக்கு மாற்றிக்கொண்டோம். நாலரை மணிக்கு இருளிற் புறப்பட்டுப் பின்காற்றோடு சென்றால், கிளிக்கூட்டை அணுகும்போது ஏறத்தாழ ஆறு மணி, ஞாயிறு எழும் நேரம். திரும்பும்போது வெயில் முதுகில், காற்று முகத்தில். வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். கிழிந்த வாழையிலைகள் எப்பக்கம் பறக்கின்றன என்பதைக் கொண்டே காற்றின் போக்கையும் வலியையும் ஒருவாறு மதிப்பிடலாம். முட்டுக்கொடுத்தும் சாய்ந்துவிட்ட மரங்களைப் பார்த்து நிற்கும் குடியானவர் முன்னே, எம் காற்றுக் குறை ஒரு குறையாகத் தோன்றுவதில்லை.

இம்மாற்றத்துக்கு விலை இல்லாமல் இல்லை. காற்று வலுக்கும் வேளையில், கால் சோர்ந்த பின்னர், அதை எதிர்க்க வேண்டியிருக்கிறது. கடிகாரக் கணக்கில் மேற்குப் பாதையே இலாபம் என்று இன்றும் வாதிடுவோர் எம்முள் உளர். அவர் கணக்கு சரியே. ஆயினும் பயிற்சி ஓட்டத்தில் நாம் ஈட்ட வேண்டுவது நேரமன்று என்பது எம் துணிபு. எதிர்காற்றின் இன்னலைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. 1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறிய குழுவில் உடலியல் வல்லுநராயிருந்த கிரிபித் பியூ என்னும் ஆங்கிலேயர், ஒருவர் பின் ஒருவராக, ஒரு மீட்டர் இடைவெளியில் ஓடினால் பின்னவர்க்குக் காற்றுத் தடையில் ஏறத்தாழ 80 பங்கு நீங்குமென்று ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார். 2019-இல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது, அவரைச் சூழ்ந்து பலர் முறை மாற்றி ஓடியதன் கருத்தும் இதுவே. நாலு பேர் வரிசையாய் ஓடி, கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னவர் பின்னே வந்துவிடுவதென யாமும் வகுத்துக்கொண்டோம். உயரமானவர்க்கு முறை சற்று அடிக்கடி வருவது அவரது நல்வினைப் பயன்.

காற்று மிகக் கடுமையான நாளில் நெடுஞ்சாலையையே விட்டுவிடுதல் தகும். தென்னை மட்டையும் விளம்பரப் பலகையும் எவரையும் எச்சரித்து விழுவதில்லை. அந்நாட்களில் யாம் ஸ்ரீரங்கத்து வீதிகளுக்குள் புகுந்துகொள்வோம். கோயிலின் புறமதில் சுற்றளவு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அதனுள்ளே அடையவளஞ்சான் வீதியைச் சுற்றி வந்தால், எதிர்காற்று, பக்கக்காற்று, பின்காற்று ஆகிய யாவும் ஒரே சுற்றில் மாறி மாறி வரும். எதுவும் நெடுநேரம் நில்லாது. மதிலும் வீடுகளும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 1987-இல் நிறைவுற்ற தெற்கு இராசகோபுரத்தின் வாயிலைக் கடக்கையில் மட்டும் குழலில் ஊதியது போல் காற்று ஒரு முறை வந்து மோதும். கோலமிடுவோர்க்கும் கோயிலுக்குச் செல்வோர்க்கும் வழிவிட்டு, பேச்சின்றி, ஓரமாய் ஓடுதல் அங்கு முறை.

எத்திசை ஓடினும் அரை மணிக்கு ஒரு முறை, தாகம் இல்லையாயினும், சிறிது நீரோ உப்பிட்ட மோரோ அருந்துகிறோம். முற்கூறிய தோழர் மறு ஆண்டில் ஐதராபாத்தில் முழுத் தூரமும் ஓடி முடித்தார். ஆடி ஞாயிறுகளில் வரிசையின் முன்னிடத்தை அவர் இப்போது ஒருவர்க்கும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. கடிகாரத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்.