தங்கவயலில் ஒரு பேட்டை

நுழையும்முன்

ஆற்றங்கரையில் உழவால் தோன்றிய ஊர்கள் உண்டு. கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களும் உண்டு. மண்ணுக்கடியில் கிடைத்த பொன்னால் தோன்றிய ஊர் ஒன்றின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பெயர்

கருநாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் தங்கவயல் அமைந்துள்ளது. அதன் சுரங்கங்களை ஒட்டி எழுந்த நகர்ப்பகுதிகள் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகியன. பேட்டை என்பது சந்தை கூடும் இடத்தைக் குறிக்கும் சொல். ஆங்கிலேயர் பெயரும் நம் மண்ணின் சொல்லும் இணைந்து ஊர்ப்பெயராயின. அருகிலுள்ள பங்காருப்பேட்டையும் முன்னாளில், மைசூர் ஆணையர் பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை என வழங்கியது.

பொன்னும் குடியேற்றமும்

மாரிகுப்பம் பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை 1802ஆம் ஆண்டிலேயே ஜான் வாரன் என்னும் ஆங்கிலேய அதிகாரி கண்டு எழுதினார். 1875இல் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின் சுரங்கத்தொழில் பெருகியது.

பாறையைக் குடைய ஆயிரமாயிரம் கைகள் தேவைப்பட்டன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழர் பலர் குடும்பத்தோடு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்கள். மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றை ‘லைன்’ என்றே மக்கள் அழைத்தனர்.

1894இல் இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவு கம்பி வழியே மின்சாரம் வந்தது. ஆயினும் அவ்வொளி நெடுங்காலம் குடிசைகளை எட்டவில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அங்கே வெப்பமும் பாறை வெடிப்பும் பல உயிர்களைக் கொண்டன. பாறைத்தூசியோ நுரையீரலை அரித்தது.

அறிவு வளர்த்த மண்

உடல் உழைப்பில் தேய்ந்த இம்மக்கள் கல்வியை மறக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனைகள் இங்கு வேரூன்றின. சாம்பியன் ரீப் பகுதியில் பௌத்த சங்கமும் சித்தார்த்த புத்தகசாலையும் இயங்கின. பண்டிதர் சென்னையில் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைவுக்குப்பின் கோ. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து வெளியிட்டார்.

பொன் தீர்ந்தபின்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவணரசின் பொறுப்பில் வந்தன. எடுக்கும் பொன்னின் மதிப்பினும் எடுக்கும் செலவு மிகுந்தமையால், 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போடி என்னும் ஊரும் பொன்னால் தோன்றியதே. பொன் குறைந்ததும் மக்கள் வெளியேறினர்; இன்று அது ஆளில்லாக் காட்சியிடம். ஆண்டர்சன்பேட்டை அவ்வாறு ஆகவில்லை. சயனைடு மண்மேடுகள் சூழ்ந்திருப்பினும் கடைத்தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கின்றன. விடியுமுன் தொடர்வண்டியேறிப் பெங்களூரில் பணிசெய்து இரவில் திரும்புவோர் பலர்.

பொன் இவர்களை இங்கு அழைத்து வந்தது. அப்பொன் தீர்ந்தபின்னும், பெற்றோரைப் புதைத்து, பிள்ளைகளை வளர்த்த மண்ணை விட்டு நீங்க இவர்கள் விரும்பவில்லை. ஊர் என்பது மக்களே என்பதற்கு ஆண்டர்சன்பேட்டை சான்றாகும்.

சொல்லும் பொருளும்

இருப்புப்பாதை – தொடர்வண்டிப் பாதை
நடுவணரசு – மத்திய அரசு
குடைதல் – துளையிடுதல்
சான்று – ஆதாரம்

மதிப்பீடு

1. ‘பேட்டை’ என்னும் சொல்லின் பொருள் யாது? அச்சொல்லில் முடியும் ஊர்ப்பெயர்கள் மூன்றினை எழுதுக.
2. தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டதன் காரணம் என்ன?
3. போடி, ஆண்டர்சன்பேட்டை ஆகிய ஊர்களை ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.
4. பிரித்து எழுதுக: பொன்னால், வேரூன்றின, அவ்வொளி.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பம் இவ்வூருக்கு எப்போது, எங்கிருந்து வந்தது? வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதி வருக.