கரும்புகை வந்தால் முதலில் காற்றைத் தேடுங்கள்

டீசல் காரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சைலன்சரில் கரும்புகை வருகிறது என்று சொன்னால், பல ஒர்க்‌ஷாப்களில் சட்டென்று வரும் பதில் ‘இன்ஜெக்டர் போயிருக்கும்’, இல்லையென்றால் ‘டர்போ போயிருக்கும்’. இரண்டுமே பெரிய செலவு. என்னுடைய 2017 மாடல் பி.எஸ்.4 காருக்கு இந்த இரண்டு தீர்ப்பும் இரண்டு இடங்களில் கிடைத்தன. உண்மையான பழுது ஒரு ரப்பர் ஹோஸில் இருந்தது.

சேலத்துக்குள் ஓட்டும்போது புகையே தெரியாது. நியூட்ரலில் நிறுத்தி வைத்தாலும் சுத்தமாக இருக்கும். ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவு தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தால்தான், கண்ணாடியில் பார்க்கும் அளவுக்குக் கறுப்பாகக் கக்கும். பின்னால் பைக்கில் வருபவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். பிக்கப்பும் குறைந்துவிட்டது. ஸ்கேன் போட்டால் எர்ரர் கோடு எதுவும் இல்லை.

சும்மா நிற்கும்போது வராமல் இழுவையில் மட்டும் வருகிறது என்பதே பாதி விடை. கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். டீசல் அதிகமாகிவிட்டது, அல்லது காற்று குறைந்துவிட்டது. ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சார் உள்ளே போகும் காற்றை அளக்கிறது. எவ்வளவு டீசல் அடிக்கலாம் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குப் பிறகுதான் டர்போ காற்றை அழுத்தி, இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்கு அனுப்புகிறது. நடுவில் ஹோஸ் கிழிந்திருந்தால், அளந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். டீசல் மட்டும் முழு அளவில் இறங்கும். ஐடிலில் டர்போ அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் கிழிசல் வாய் மூடியே இருக்கும். மிதித்ததும் திறந்துகொள்ளும்.

என் வண்டியில் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பழைய மெக்கானிக். ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் கீழே படுத்து, இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. “தம்பி, மேல பார்த்தா ஹோஸ் புதுசு மாதிரிதான் இருக்கும். ஆயில் தேங்கி நிக்கிற அடிப்பக்கம்தான் ஊறிப்போய் வெடிக்கும்” என்றார். இன்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி எல்லா டர்போ டீசலிலும் இந்தக் குழாய்களில் கொஞ்சம் படியும். காற்று கசியும் இடத்தில் அது வெளியே தெளித்து, தூசியோடு சேர்ந்து கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் திட்டைத் தேடினால் போதும், பாதி வேலை முடிந்தது.

திட்டு தெரியாவிட்டாலும் சோதிக்க வழி உண்டு. டர்போவுக்குக் காற்று போகும் குழாயை, டியூப் வால்வு பொருத்திய பி.வி.சி. மூடியால் அடைத்து, பத்து பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குமிழி வரும் இடத்தில் லீக். இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும். ஆயில் ஆவி வரும் சின்னக் குழாயையும் கழற்றி, இரு பக்கமும் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் இன்ஜினுக்குள் போய் ஆயில் சீல்களைக் கெடுக்கும். பல நேரம் ஹோஸ் நன்றாகவே இருக்கும், கிளாம்ப் மட்டும் தளர்ந்திருக்கும்.

லீக் இல்லையா? ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்தது இ.ஜி.ஆர். வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் இந்த வால்வு, கரி பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகும். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புகை குறைந்த மாதிரி தெரியும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடிவிடும்.

இன்ஜெக்டர் மீது சந்தேகம் அதற்குப் பிறகுதான். அதையும் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யாமல் கழற்ற விடாதீர்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஓட்டினால், எதில் டீசல் அதிகம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். ஓடும் இன்ஜினின் டீசல் ரெயில் குழாய் அருகே மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசிமுனைக் கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இதுவரை சொன்னது கரும்புகைக்கு. நீலப் புகை வேறு வழக்கு, அது ஆயில் எரிவது. இழுவை முழுக்க நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங்கையும் டர்போ சீலையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் இறக்கத்தில் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தால் வால்வு சீல். டர்போ சீல் மோசமாகப் போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியை அணைத்த பிறகும் தறிகெட்டு ஓடும். மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும். நீலப் புகையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதனால்தான். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலில் கரும்புகையே தெரியக் கூடாது. கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அதில் இருக்கிறது. ஹோஸ் கிழிந்தாலும் கரி அந்த ஃபில்டரில் சேருமே தவிர வெளியே வராது. ஃபில்டர் விளக்கு அடிக்கடி எரிவதுதான் அறிகுறி. அப்போதும் முதலில் காற்று லீக்கைத்தான் பார்க்கச் சொல்வேன்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழை நம்பி இருந்துவிட வேண்டாம். அந்தச் சோதனையில் நியூட்ரலில்தான் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். மலையேற்றத்தின் பாரம் அங்கே இல்லாததால், என் கார் போன்ற வண்டி அதில் தேறிவிடலாம்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. நம் வண்டியின் புகையைச் சுவாசிப்பவர்கள் பின்னால் வருபவர்கள்தான். ஆகவே புகை கண்ணில் பட்ட வாரமே வண்டியைக் காட்டுங்கள். எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன், “ஹோஸ் லீக் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களாண்ணே?” என்று கேளுங்கள். இல்லை என்றால், அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.